பாட்டுக்கு வாசித்தவர் போன பிறகு: தி ஹூவின் 1981, 1982 ஆல்பங்கள்

டிரம்மர் மாறியதும் சரிந்த ராக் குழுக்கள் என்று பேச்செடுத்தால் முதலில் வந்து விழும் பெயர் தி ஹூ. லண்டன் குழு. 1978 செப்டம்பர் 7-ஆம் தேதி அதன் டிரம்மர் கீத் மூன் 32 வயதில் இறந்துபோனார். குடியை விடுவதற்காக எழுதிக்கொடுக்கப்பட்ட ஹெமினெவ்ரின் மாத்திரைகளை அளவுக்கு மீறி விழுங்கியதுதான் காரணம். அவர் இடத்துக்குக் கென்னி ஜோன்ஸ் வந்தார். ஜோன்ஸை வைத்துக் குழு ஸ்டூடியோவில் செய்த ஆல்பங்கள் இரண்டே இரண்டு: 1981 மார்ச்சில் வந்த 'ஃபேஸ் டான்சஸ்', 1982 செப்டம்பரில் வந்த 'இட்ஸ் ஹார்ட்'. இங்கே விமர்சனத்துக்கு எடுத்திருப்பது அந்த இரண்டையும்தான். வாங்கலாமா, எந்தப் பதிப்பை வாங்குவது, எந்தப் பாட்டைத் தாண்டிவிடலாம் என்பதோடு, "சரிவு, சரிவு" என்கிறார்களே, அது காதில் எந்த இடத்தில் விழுகிறது என்பதையும் பார்த்துவிடலாம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'ஃபேஸ் டான்சஸ்' பத்துக்கு ஆறு. 'இட்ஸ் ஹார்ட்' பத்துக்கு நாலரை. அந்த நாலரையிலும் பெரும்பங்கு ஒரே ஒரு பாட்டுக்குப் போகிறது. இரண்டு ஆல்பத்திலும் டிரம்ஸ் எங்கும் இடறவில்லை. காலப்பிரமாணம் கம்பி மாதிரி நிற்கிறது. ஆனாலும் கேட்கும்போது ஏதோ குறைகிறது என்று மனசு சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தக் குறை என்ன என்று பிடிபட வேண்டுமானால் மூன் அதுவரை என்ன வேலை செய்துகொண்டிருந்தார் என்பது தெரிய வேண்டும்.

கச்சேரி கேட்கிறவர்கள் மிருதங்க வித்வான்களைப் பற்றிப் பேசும்போது ஒரு வித்தியாசம் சொல்வார்கள். சிலர் தாளத்துக்கு வாசிப்பார்கள், சிலர் பாட்டுக்கு வாசிப்பார்கள். மூன் பாட்டுக்கு வாசித்தவர். பாடகர் ரோஜர் டால்ட்ரி ஒரு வரியைப் பாடி முடித்து மூச்சு வாங்கும் இடம், அடுத்த வரியில் அழுத்தம் விழப்போகும் சொல், பீட் டவுன்ஷெண்டின் கிட்டார் ஓங்கி இறங்கும் இடம், இவைதான் அவருக்குக் கணக்கு. சாதாரண ராக் டிரம்மர் நான்கு எண்ணிக்கையில் இரண்டாவதிலும் நான்காவதிலும் ஸ்னேரை (பளிச்சென்று ஒலிக்கும் நடு டிரம்) அடித்து, ஹைஹாட்டில் (காலால் மூடித் திறக்கும் சிம்பல் ஜோடி) எட்டு சிற்றடிகள் ஓட்டி, நான்கு அல்லது எட்டுச் சுற்றுக்கு ஒருமுறை டாம்களில் (சுற்றி வைத்திருக்கும் ஆழ்ந்த ஒலி டிரம்கள்) ஒரு உருட்டு உருட்டுவார். மூன் ஹைஹாட்டைப் பெரும்பாலும் ஒதுக்கியே வைத்தார். அந்த ஓட்டத்தைக் கிராஷ் எனப்படும் பெரிய சிம்பல்களிலும், 1966-லிருந்து அவர் வைத்துக்கொண்ட, காலால் அடிக்கும் இரட்டைக் கிக் டிரம்மிலும் ஓட்டினார். மற்றவர்களுக்கு அலங்காரமாக வரும் டாம் உருட்டல், அவரிடம் பாட்டின் உடம்பாகவே இருந்தது. டிரம்ஸுக்கென்று தனி ஆவர்த்தனம் வாசிப்பது அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது. பாட்டு முழுக்க அந்த வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது என்பதால் தனியாக வேண்டியும் இருக்கவில்லை.

அப்படியென்றால் தாளத்தை யார் காப்பாற்றினார்கள்? கச்சேரியில் பாடகர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருப்பதால்தான் மிருதங்கக்காரர் கணக்கில் விளையாட முடிகிறது. தி ஹூவில் தாளம் போட்ட கை டவுன்ஷெண்டின் வலது கை. பவர் கார்டுகளை (சில தந்திகளைச் சேர்த்து ஓங்கி அடிக்கும் கனத்த சுரக்கூட்டு) வீசி வீசி அவர் கிட்டாரில் அடித்த ரிதம்தான் குழுவின் கடிகாரம். ஜான் என்ட்விசிலின் பேஸ் கிட்டாரும் அடக்கமாக அடியில் கிடக்கவில்லை. அது முன்னால் வந்து ராகம் வாசித்தது. அதாவது கிட்டார் தாளம், பேஸ் கிட்டார் ராகம், டிரம்ஸ் பாட்டோடு பேச்சு. ராக் குழுக்களின் வழக்கமான வேலைப் பங்கீட்டை அப்படியே புரட்டிப் போட்ட அமைப்பு இது. இந்த அமைப்பில் டிரம்மரை மட்டும் கழற்றிவிட்டு, தாளத்தைத் துல்லியமாக வைத்துக்கொள்ளும் நல்ல டிரம்மர் ஒருவரை உட்காரவைத்தால் என்ன ஆகும்? கடிகாரம் இரண்டாகிவிடும். டவுன்ஷெண்டின் கைக்கு வேலை குறையும். என்ட்விசிலின் ஓட்டத்துக்கு எதிர்ப்பேச்சு பேச ஆள் இருக்காது. இரண்டு ஆல்பத்திலும் நடந்தது இதுதான்.

கென்னி ஜோன்ஸ் திறமையில்லாதவர் என்று எழுதுகிறவர்கள் அவருடைய பழைய பதிவுகளைக் கேட்கவில்லை என்றே சொல்வேன். ஸ்மால் ஃபேசஸ் குழுவின் 1967 பாட்டு 'டின் சோல்ஜர்' ஒன்றைக் கேட்டால் போதும். ஃபேசஸ் குழுவின் 'ஸ்டே வித் மீ' இன்னொன்று. வேகமாகத் தொடங்கி, பாதி வேகத்துக்கு இறங்கி உட்கார்ந்து, கடைசியில் மறுபடி பாய்கிற பாட்டு. அந்த இறக்கத்தையும் ஏற்றத்தையும் ஒரு பிசிறு இல்லாமல் கொண்டுபோகிறவர் அவர்தான். 1974-இல் ரோலிங் ஸ்டோன்ஸின் 'இட்ஸ் ஒன்லி ராக் அண்ட் ரோல்' சிங்கிளில் (தனியாக வெளியிடும் பாட்டு) டிரம்ஸ் வாசித்ததும் அவரே. ஆனால் அவருடையது சர்வலகு. பாடுகிறவருக்குக் கீழே ஜமக்காளம் விரித்துக் கொடுக்கும் வாசிப்பு. ஃபேசஸில் பாடிய ராட் ஸ்டூவர்ட் மாதிரிப் பாடகருக்கு அதைவிட நல்ல துணை கிடையாது. தி ஹூவுக்கு அப்படிப்பட்ட தரைவிரிப்பு தேவைப்பட்டதே இல்லை.

இனி ஆல்பங்களுக்கு வருவோம்.

'ஃபேஸ் டான்சஸ்' ஒன்பது பாட்டு, சுமார் 39 நிமிடம். தயாரித்தவர் பில் சிம்சிக். அமெரிக்க ராக் குழு ஈகிள்ஸின் 'ஹோட்டல் கலிஃபோர்னியா' ஆல்பத்தைத் தயாரித்த அதே கை. அட்டையில் ஓவியர் பீட்டர் பிளேக் ஒருங்கிணைத்த 16 ஓவியங்கள். நான்கு பேரின் முகங்களையும் டேவிட் ஹாக்னி உட்பட வெவ்வேறு ஓவியர்கள் வரைந்திருக்கிறார்கள். எல்பி (பெரிய வினைல் தட்டு) அளவில் கையில் வைத்துப் பார்க்க வேண்டிய அட்டை. விற்பனையில் தோல்வி என்று யாரும் சொல்ல முடியாது: பிரிட்டனில் 2-ஆம் இடம், அமெரிக்காவில் 4-ஆம் இடம்.

முதல் பாட்டு 'யூ பெட்டர் யூ பெட்'. பிரிட்டனில் 9-ஆம் இடம் வரை போன சிங்கிள். மெட்டு முதல் தரம், டால்ட்ரியின் குரலும் அப்படியே. இதை 1971-இன் 'ஹூஸ் நெக்ஸ்ட்' ஆல்பத்தில் உள்ள 'வோன்ட் கெட் ஃபூல்ட் அகெய்ன்' பாட்டோடு பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். இரண்டும் மின்னணு இசைச் சுழல் ஒன்றோடு தொடங்குகின்றன. பழைய பாட்டில் அந்தச் சுழல், லோரி என்ற மின் ஆர்கனை ஒரு சிந்தசைசர் வழியாக விட்டு முன்கூட்டியே பதிவு செய்த நாடா. நாடா யாருக்காகவும் காத்திருக்காது. மூன் அதற்கு ஈடுகொடுத்துத்தான் வாசித்தார். மேடையில் வாசிக்கும்போது காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்வார். மூனுக்குத் தாளம் நிற்காது என்ற பேச்சுக்கு அந்தப் பாட்டே பதில். நாடாவின் கட்டத்துக்குள் நின்றுகொண்டே, வரிக்கு வரி எல்லையை முட்டி முட்டிப் பார்க்கிறார். எட்டரை நிமிடப் பாட்டின் கடைசிப் பகுதியில் மற்ற எல்லாம் அடங்கி, ஆர்கன் சுழல் மட்டும் தனியாக ஓடும். அதன்மேல் டாம் உருட்டல்கள் முதலில் இடைவெளி விட்டு விழும், பிறகு நெருங்கும், பிறகு டால்ட்ரியின் அந்த அலறல். அலறலுக்கு மேடை கட்டிக் கொடுத்ததே டிரம்ஸ்தான்.

'யூ பெட்டர் யூ பெட்' பாட்டில் சுழலும் டிரம்ஸும் ஒரே பக்கம் நிற்கின்றன. இரண்டும் ஒரே செய்தியைச் சொல்கின்றன: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஜோன்ஸ் ஸ்னேரை இரண்டிலும் நான்கிலும் வைக்கிறார், வைத்த இடத்தில் வைக்கிறார். பல்லவிக்குள் நுழையும் இடத்தில் சின்ன உருட்டு ஒன்று, சரியான இடத்தில், சரியான அளவில். வானொலிக்குக் கச்சிதம். ஆனால் சுழலோடு மோதுவதற்கு ஆள் இல்லாததால் பாட்டு முதல் நிமிடத்தில் இருந்த உயரத்திலேயே கடைசி வரை போகிறது.

'டோன்ட் லெட் கோ த கோட்' இந்த ஆல்பத்தில் எனக்கு மிகவும் பிடித்த மென்மையான பாட்டு. டவுன்ஷெண்ட் இந்திய ஆன்மிக குரு மெஹர் பாபாவின் பக்தர். என் வஸ்திரத்தின் நுனியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள் என்ற பாபாவின் உபதேசம்தான் இந்தப் பாட்டின் கரு. இதற்கு ஜோன்ஸின் கட்டுப்பாடான வாசிப்பு ரொம்பவே பொருந்துகிறது. மூன் இருந்திருந்தால் இந்தப் பாட்டை நசுக்கியிருக்கக்கூடும். 'தி கொயட் ஒன்' என்ட்விசில் எழுதிப் பாடியது. மூன்றே நிமிடம், நேர்ப் பாய்ச்சல். இந்த வேகத்துக்கு நேரான அடிதான் வேண்டும், ஜோன்ஸ் கொடுக்கிறார். ஆல்பத்தை முடித்துவைக்கும் 'அனதர் டிரிக்கி டே' நிதான நடை, பேஸ் கிட்டார் நிமிர்ந்து நிற்கிறது, நான்கு பேரும் ஒரே அறையில் இருக்கிறார்கள் என்ற உணர்வு இங்கேதான் வருகிறது. 'டிட் யூ ஸ்டீல் மை மனி', 'டெய்லி ரெக்கார்ட்ஸ்' இரண்டையும் தாண்டிவிடலாம்.

ஒலிப்பதிவு பற்றி ஒரு வார்த்தை. சிம்சிக்கின் ஒலி சுத்தமானது, உலர்ந்தது, ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாகப் பெட்டியில் அடுக்கியது போலத் தெளிவானது. ஈகிள்ஸுக்கு அது வரம். தி ஹூவின் பழைய ஒலி, வாத்தியங்கள் ஒன்றின் எல்லைக்குள் ஒன்று கசிந்து ஒரே இரைச்சல் மலையாக எழுந்த ஒலி. டிரம்மர் மாறியதையும் ஒலிப்பதிவு மாறியதையும் நம் காது ஒன்றாகக் குழப்பிக்கொள்வது 'ஃபேஸ் டான்சஸ்' விஷயத்தில் சகஜம். ஜோன்ஸ் மீது விழும் பழியில் ஒரு பகுதி உண்மையில் மிக்சிங் (பதிவான ஒலிகளைக் கலக்கும்) மேசைக்குப் போக வேண்டியது.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 'இட்ஸ் ஹார்ட்' உதவுகிறது. ஏனென்றால் அதைத் தயாரித்தவர் கிளின் ஜான்ஸ். 'ஹூஸ் நெக்ஸ்ட்' ஆல்பத்தைப் பதிவு செய்தவரும் அவரே. டிரம்ஸ் பதிவில் அவர் பெயரிலேயே ஒரு முறை இருக்கிறது, வீட்டில் பதிவு செய்கிறவர்கள் இன்றும் அதைப் பின்பற்றுகிறார்கள். ஒரு மைக் ஸ்னேருக்கு நேர் மேலே, சுமார் மூன்றரை அடி உயரத்தில். இரண்டாவது மைக் டிரம்மரின் வலப்பக்கம், தரை டாமைத் தாண்டி, ஹைஹாட்டைப் பார்த்தபடி. இரண்டு மைக்கும் ஸ்னேரின் நடுவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். ஒரு கயிற்றையோ கேபிளையோ வைத்து அளந்துகொள்வார்கள். தூரம் மாறினால் ஸ்னேர் ஒலி இரண்டு மைக்குக்கும் வெவ்வேறு நேரத்தில் போய்ச் சேர்ந்து, ஒன்றையொன்று தின்று, தகர டப்பா மாதிரி மெலிந்துவிடும். கிக் டிரம்முக்கு ஒரு மைக், தேவைப்பட்டால் ஸ்னேருக்குப் பக்கத்தில் ஒன்று. அவ்வளவுதான்.

இந்த முறையில் பதிவாவது ஒவ்வொரு டிரம்மாக அல்ல, மொத்த டிரம் செட்டும் ஒரே வாத்தியமாக. டாமுக்கு டாம் தாவிக்கொண்டே இருக்கும் மூனுக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை. உருட்டல் ஒரு காதிலிருந்து மறு காதுக்கு உருண்டு போவது அப்படியே கேட்கும். 'ஹூஸ் நெக்ஸ்ட்' ஆல்பத்தின் 'பார்கெய்ன்' பாட்டை ஹெட்ஃபோனில் கேட்டால் தெரியும். அதே தயாரிப்பாளர் 1982-இல் ஜோன்ஸைப் பதிவு செய்தபோது என்ன கிடைத்தது? ஸ்னேரும் கிக்கும் ஹைஹாட்டும் நடுவில் கெட்டியாக நிற்கின்றன, டாம்கள் எப்போதாவது வந்து போகின்றன. குறை பதிவில் இருந்திருந்தால் ஜான்ஸ் வந்ததும் அது சரியாகியிருக்க வேண்டும். சரியாகவில்லை.

'இட்ஸ் ஹார்ட்' 12 பாட்டு, சுமார் 48 நிமிடம். அமெரிக்காவில் 8, பிரிட்டனில் 11 என்று நின்றது. 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகை அப்போது ஐந்து நட்சத்திரம் கொடுத்தது. அந்த மதிப்பீட்டோடு இன்று உடன்படுவது எனக்குக் கடினம். டால்ட்ரியே இந்த ஆல்பத்தை வெளியிட்டிருக்கக் கூடாது என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 'குக்ஸ் கவுண்டி' ஒரே பல்லவியை வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வருகிறது. 'ஒய் டிட் ஐ ஃபால் ஃபார் தட்', 'எ மேன் இஸ் எ மேன்' இரண்டும் கேட்டு முடித்த மறுநிமிடம் மறந்துபோகும். 'அதீனா' துள்ளலான தொடக்கம், ஆனால் சிங்கிளாக அமெரிக்காவில் 28-ஐத் தாண்டவில்லை, பிரிட்டனில் 40. 'ஐவ் நோன் நோ வார்' ஆறு நிமிடத்தை நெருங்கும் பெரிய பாட்டு, கருத்தும் பெரியது. பழைய 'ஹூஸ் நெக்ஸ்ட்' பிரம்மாண்டத்தை எட்டிப் பிடிக்க வேண்டும் என்ற ஆசை அதில் வெளிப்படையாகத் தெரிகிறது. கட்டடம் எழும்புகிறது, ஆனால் உச்சியில் இடி இறங்க வேண்டிய இடத்தில் அதே அடிதான் தொடர்கிறது. மூன் இல்லாத வலி எனக்கு மிகவும் உறைப்பது இந்தப் பாட்டில்தான்.

அதற்கு நேர் எதிர், முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு 'எமினன்ஸ் ஃபிரண்ட்'. இதை நிதானமாகப் பேச வேண்டும். ஐந்தரை நிமிடத்துக்குச் சற்று மேல். பாடுவது டவுன்ஷெண்ட். மேலே ஒரு கீபோர்டு சுழல் விடாமல் மினுக்கிக்கொண்டே இருக்கிறது, அதற்குக் கீழே ஜோன்ஸின் அடி. ஸ்னேர் கனமாக, கொஞ்சம் பின்வாங்கி உட்கார்ந்தாற்போல் விழுகிறது. ஹைஹாட் ஓட்டம் சீராக இருக்கிறது. அந்தச் சீரின்மேல் என்ட்விசில் தன் வழக்கமான ஓட்டத்தைக் குறைத்துக்கொண்டு, விட்டு விட்டு வாசிக்கிறார். டவுன்ஷெண்டின் கிட்டார் தாளம் போடும் பொறுப்பிலிருந்து விடுபட்டு, இடையிடையே கத்தி வீசுவதுபோல் வந்து போகிறது. குரல் வருவதற்கு முன்னாலேயே இந்த நடை நம் தோளைப் பிடித்து ஆட்டிவிடும். மூன் இந்தப் பாட்டை வாசித்திருக்க முடியாது. இதில் நிரப்பினால் பாட்டு செத்துவிடும். காலியாக விட்ட இடங்களில்தான் அதன் மிடுக்கு இருக்கிறது. ஆடம்பர முகமூடி போட்டுத் திரிகிறவர்களைப் பற்றிய பாட்டுக்கு அந்த அசையாத, குளிர்ந்த அடிதான் சரியான உடை. புதிய டிரம்மருக்கு ஏற்றாற்போல் மற்ற மூவரும் தங்கள் வேலைப் பங்கீட்டை மாற்றிக்கொண்ட ஒரே பாட்டு என்று இதைச் சொல்வேன். மாற்றிக்கொண்டதும் பாட்டு எழுந்து நின்றுவிட்டது. இதே மாதிரி இன்னும் ஆறு பாட்டு எழுதியிருந்தால் 'ஜோன்ஸ் காலம்' என்று தனியாக ஒரு நல்ல காலம் இருந்திருக்கும். எழுதவில்லை. மற்ற பாட்டுகளெல்லாம் இல்லாத மூனை மனத்தில் வைத்து எழுதியவை போலவே ஒலிக்கின்றன.

கடைசிப் பாட்டு 'க்ரை இஃப் யூ வான்ட்' இன்னொரு விதிவிலக்கு. ஸ்னேரில் பட்டாளத்து அணிவகுப்பு மாதிரி இடைவிடாத சிற்றடி, அதன்மேல் டால்ட்ரி சொற்களைக் கொட்டுகிறார். ஜோன்ஸின் மணிக்கட்டு எவ்வளவு திடமானது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

சரிவுக்கு டிரம்மர் மாற்றம் மட்டுமே காரணம் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். மூன் இருந்தபோதே இறக்கம் தொடங்கிவிட்டது. அவர் வாசித்த கடைசி ஆல்பம் 1978 ஆகஸ்டில் வந்த 'ஹூ ஆர் யூ'. அதில் 'மியூசிக் மஸ்ட் சேஞ்ச்' என்ற பாட்டு ஆறெட்டு நடை (சுற்றுக்கு ஆறு சிற்றடி). மூனுக்கு அந்த நடை பிடிபடவில்லை. சில சிம்பல் அடிகள் தவிர டிரம்ஸே இல்லாமல், காலடிச் சத்தத்தைத் தாளமாக வைத்துப் பதிவு செய்தார்கள். குடியும் மாத்திரையும் அந்தக் கைகளை அந்த நிலைக்குக் கொண்டுவந்திருந்தன. அவர் உயிரோடு இருந்திருந்தாலும் 1981-இல் 1971-இன் மூன் கிடைத்திருக்க மாட்டார்.

பாட்டு எழுதுகிறவரின் நிலையும் அப்படித்தான். டவுன்ஷெண்ட் தனி ஆல்பங்களும் செய்துகொண்டிருந்தார்: 1980-இல் 'எம்ப்டி கிளாஸ்', 1982-இல் இன்னொன்று. நல்ல பாட்டுகளில் பல அங்கே போய்விட்டன. 'எம்ப்டி கிளாஸ்' ஆல்பத்தின் முதல் பாட்டான 'ரஃப் பாய்ஸ்' பாட்டில் டிரம்ஸ் வாசித்தவர் யார் தெரியுமா? இதே கென்னி ஜோன்ஸ். சீறிப் பாயும் பாட்டு அது. எழுதியவரும் அதே டவுன்ஷெண்ட், டிரம்மரும் அதே ஜோன்ஸ். தி ஹூ பெயரில் வந்த பெரும்பாலான பாட்டுகளில் இல்லாத உயிர் அதில் இருக்கிறது. இதோடு 1979-லிருந்து ஜான் பண்ட்ரிக்கின் கீபோர்டும் குழுவில் நிரந்தரமாகச் சேர்ந்தது. மூன் விட்டுப்போன காலி இடங்களில் பாதியைக் கீபோர்டு நிரப்பிவிட்டது, ஜோன்ஸ் நிரப்ப முயன்றிருந்தாலும் இடம் இருந்திருக்காது. 1979 டிசம்பர் 3-ஆம் தேதி அமெரிக்காவின் சின்சினாட்டியில் இவர்கள் நிகழ்ச்சி நடந்த அரங்கின் வாசலில் ஏற்பட்ட நெரிசலில் 11 ரசிகர்கள் இறந்த துயரமும் இந்தக் காலத்தில்தான். டால்ட்ரிக்கு ஜோன்ஸின் வாசிப்பு இந்தக் குழுவுக்குப் பொருந்தவில்லை என்ற எண்ணம் உறுதியாக இருந்தது, அதை அவர் வெளிப்படையாகவும் சொன்னார். 1982 டிசம்பர் 17-ஆம் தேதி கனடாவின் டொராண்டோவில் 'இட்ஸ் ஹார்ட்' சுற்றுப்பயணம் முடிந்தது, 1983 இறுதியில் டவுன்ஷெண்ட் விலகினார். அடுத்த ஸ்டூடியோ ஆல்பத்துக்கு 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மற்றக் குழுக்களோடு ஒப்பிட்டால் ஒன்று புலப்படும். லெட் செப்பெலின் 1980 செப்டம்பரில் டிரம்மர் ஜான் பானத்தை இழந்தது, டிசம்பரிலேயே குழுவைக் கலைத்துவிட்டது. மாற்று ஆள் தேடவே இல்லை. ஆர்.இ.எம். குழுவில் பில் பெர்ரி 1997-இல் விலகினார். அவர் வெறும் டிரம்மர் இல்லை, 'எவ்ரிபடி ஹர்ட்ஸ்' பாட்டின் கரு அவருடையது. அடுத்து வந்த 'அப்' ஆல்பத்தில் டிரம் மெஷினும் வெளியாட்களும் தாளத்தைப் பார்த்துக்கொண்டார்கள், ஆனால் மெட்டு போடும் இடத்தில் ஒரு நாற்காலி காலியாகவே கிடந்தது. டிரம்மர் போனால் தாளம் போகும் என்று நினைக்கிறோம். தாளத்துக்கு ஆள் கிடைத்துவிடும். அவர் தாளத்தோடு சேர்த்துச் செய்துகொண்டிருந்த இன்னொரு வேலை எது என்பதைப் பொறுத்துத்தான் மிச்சம்.

இனி கேட்கும் முறை. ஒரு மாலை ஒதுக்கினால் போதும். ஃபோன் ஸ்பீக்கர் வேண்டாம். கிக் டிரம்மும் பேஸ் கிட்டாரும் அதில் கேட்காது, இந்த ஒப்பீட்டுக்கு உயிரே அவை இரண்டும்தான். முதலில் 'பார்கெய்ன்' போட்டு, ஸ்னேர் அடியோடு கை தட்டிப் பாருங்கள். சில சுற்றுக்குள் கை தடுமாறும், அடி எதிர்பார்த்த இடத்தில் வராது. பிறகு ஸ்னேரை விட்டுவிட்டு டவுன்ஷெண்டின் கிட்டார் அடியோடு தட்டுங்கள். நிற்கும். அடுத்து 'யூ பெட்டர் யூ பெட்'. ஸ்னேரோடு தட்டினால் கடைசி வரை ஒரு இடறலும் இல்லை. இப்போது கிட்டாரை மட்டும் கவனியுங்கள்; தாளம் அதன் பொறுப்பில் இல்லை என்பது தெரியும். மூன்றாவதாக 'க்வாட்ரோஃபீனியா' ஆல்பத்தின் 'தி ரியல் மீ', 1973. அதில் பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் ஒன்றையொன்று துரத்துவதைக் கேட்டுவிட்டு, 'அனதர் டிரிக்கி டே' பாட்டில் பேஸ் கிட்டாரை மட்டும் பின்தொடருங்கள். கடைசியாக 'எமினன்ஸ் ஃபிரண்ட்', விளக்கை அணைத்துவிட்டு, ஒப்பீடு எதுவும் இல்லாமல்.

வாங்குவதைப் பொறுத்தவரை, இரண்டுக்கும் 1997 சிடி பதிப்புதான் என் பரிந்துரை. 'ஃபேஸ் டான்சஸ்' 1997 பதிப்பில் 'ஐ லைக் நைட்மேர்ஸ்', 'இட்ஸ் இன் யூ', 'சம்படி சேவ்ட் மீ' என்று ஆல்பத்தில் சேராத மூன்று பாட்டும் இரண்டு மேடைப் பதிவும் கூடுதல். 'இட்ஸ் ஹார்ட்' 1997 பதிப்பில் டொராண்டோ கடைசி நிகழ்ச்சியிலிருந்து நான்கு பாட்டுகள் இருக்கின்றன. அந்த மேடைப் பதிவில் 'க்ரை இஃப் யூ வான்ட்' ஸ்டூடியோப் பதிவைவிட உக்கிரமாக இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. 1997 பதிப்பில் உள்ள 'எமினன்ஸ் ஃபிரண்ட்' மறுபடி மிக்ஸ் செய்யப்பட்டது. 1982 மூலப் பதிவில் முதல் பல்லவியில் இரண்டு குரல்களும் ஒன்றாக விழாமல் சற்றே முன்பின்னாக வரும். புதிய மிக்ஸில் அதைச் சரிசெய்துவிட்டார்கள். அந்தச் சின்ன வழுக்கலோடு கேட்டுப் பழகியவர்களுக்கு 1982 எல்பிதான் வேண்டும்.

எல்பி வாங்குகிறவர்கள் நேர அளவையும் பார்க்க வேண்டும். 'ஃபேஸ் டான்சஸ்' பக்கத்துக்கு 20 நிமிடம் போல, முள் ஓடும் பள்ளங்களுக்கு இடம் தாராளம், ஒலி உரக்க வெட்டப்பட்டிருக்கும். 'இட்ஸ் ஹார்ட்' பக்கத்துக்கு 24 நிமிடம். நேரம் கூடினால் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும், ஒலி அளவும் அடித்தொனியும் குறையும். முள் தட்டின் நடுவை நெருங்க நெருங்க உயர்தொனிகள் மங்கவும் செய்யும். 'எமினன்ஸ் ஃபிரண்ட்' விழுந்திருப்பது முதல் பக்கத்தின் கடைசியில், அதாவது மிக உள்வட்டத்தில். பழைய தட்டு வாங்கும்போது கடைக்காரரிடம் கேட்டு அந்தக் கடைசி ஐந்து நிமிடத்தை மட்டும் ஓட்டிப் பாருங்கள். ஹைஹாட் 'ட்ஸ்' என்று தெளிவாக விழாமல் 'ஷ்' என்று தேய்ந்து கேட்டால் தேய்ந்த முள்ளில் பலமுறை ஓடிய தட்டு அது, வைத்துவிட்டு வந்துவிடலாம்.